இன்டெக்ஸ் ஓடும் நேரம்

ஏப்ரல் 3, செவ்வாய்

மறுபடியும் இன்டெக்ஸ் உடைந்துவிட்டது. கெரகம் பிடித்த மெஷின். பம்பின் மெக்கானிக்கல் சீல் என்று அடித்தால் மோட்டாரின் ஃபேன் கவர் என்று காட்டுகிறது. பில்லிங்கில் இருக்கும் ஷகிலா பானு அதைக் கவனிக்காமல் பில் போட்டுவிட்டாள். உடுமலை மெக்கானிக் ஒருவர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்த் திரும்பி வந்து, “ஏனுங்க, சீல் கேட்டா மூடி குடுக்கறீங்களே, இதை வெச்சு என்ற வாயத்தான் மூடோணும்” என்று கவுண்டரில் ஒரு பாட்டம் தீர்த்தார்.

வழக்கம் போல நான் எழுந்து கத்தினேன். “எல்லாரும் வெளிய வாங்க!”

புதிதாக வருகிறவர்கள் இதைக் கேட்டுத் தீப்பிடித்துவிட்டது என்று நினைப்பார்கள். தீயெல்லாம் இல்லை. இது பம்ப்செட் உதிரிபாகம் விற்கிற கடை. கடையில் உள்ள அத்தனை சாமானுக்கும் சேர்த்து ஒரே ஒரு பைல். அது என் மேஜைக்குக் கீழே இருக்கும் சர்வரில் கிடக்கிறது. பில்லிங், குடோன், அக்கவுண்ட்ஸ், எல்லா மெஷினும் ஒயர் வழியாக அந்த ஒரே பைலைத்தான் திறந்து வைத்திருக்கும். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் எவரோ ஒரு புண்ணியவான் பாக்ஸ்புரோவில் எழுதிக் கொடுத்த புரோகிராம். எந்த மெஷினாவது முறையாக மூடாமல் பாதியில் அணைந்தால் போச்சு, எது எங்கே இருக்கிறது என்று வழிகாட்டும் இன்டெக்ஸ் கலைந்துவிடும். திரும்ப அடுக்க வேண்டுமானால், ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லாரும் புரோகிராமை மூடி வெளியே வர வேண்டும். ஒரே ஒரு ஆள் உள்ளே இருந்தாலும் நடக்காது.

வெளியே வந்தவர்கள் சும்மா இருப்பார்களா? ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பக்கத்துச் சந்து பேக்கரிக்குப் போய்விடுவார்கள். முதலாளி குடோன் பக்கம் ஒரு நடை போவார். இன்டெக்ஸ் ஓடும்போது எவராவது வந்து மெஷினைத் தட்டிவிடாமல் பார்க்க நான் மட்டும் இங்கே, மாடிப்படிக்கு அடியில். இத்தனை வருடத்தில் ஒருநாளும் அந்த டீயை நான் குடித்ததில்லை.

பேரிங் கம்பெனி கொடுத்த டைரி ஜனவரியிலிருந்து சும்மா கிடந்தது. திரையில் நீலக்கோடு நகர்வதைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு இதையாவது எழுதலாம்.

ஏப்ரல் 4, புதன்

உடையவில்லை. ஆகவே எழுத நேரமில்லை.

ஏப்ரல் 6, வெள்ளி

உடைந்தது. யு.பி.எஸ்.ஸைச் சோதித்தேன், சரியாக இருக்கிறது. எலி கடித்ததா என்று ஒயர் முழுக்கத் தடவிப் பார்த்தேன். பானுவைப் பிடித்துக் கேட்டேன்.

“நேரா பட்டன அமுக்கி ஆஃப் பண்றயா?”

“எம்மேல சத்தியமா இல்லக்கா. எஸ்கேப் அடிச்சு, வெளிய வந்து, அப்புறந்தான் ஆஃப் பண்றேன். நீங்க சொல்லிக் குடுத்தாப்லயே.”

குடோன் மாரப்பண்ணனைக் கேட்டால், “அம்மிணி, நான் அதைத் தொடறதே விரல் நுனியில. எனக்கு அதுன்னா பயம்” என்கிறார். அது உண்மைதான். அவர் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடிப்பதற்குள் சாமான் துருப்பிடித்துவிடும்.

நீலக்கோடு பாதி வந்திருக்கிறது. கடை வெறிச்சென்று கிடக்கிறது. மேலே முதலாளி வீட்டில் யாரோ செருப்புப் போட்டு நடக்கிற சத்தம். படி வரைக்கும் வந்து திரும்பிப் போகிறது.

ஏப்ரல் 9, திங்கள்

முதலாளியிடம் இன்றைக்குக் கேட்டே விட்டேன். சென்னியப்பன் முதலாளி நல்ல மனிதர் என்றுதான் ஊரில் சொல்வார்கள். கோவிலுக்கு அன்னதானம், பள்ளிக்கூடத்துக்கு மின்விசிறி. என் ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டுகள் மட்டும் அவர் பீரோவில் இருக்கின்றன. வேலைக்குச் சேரும்போது வாங்கி வைத்தார். “பத்திரமா இருக்கட்டும் அம்மிணி” என்றார். பத்திரமாகத்தான் இருக்கின்றன.

“சார், ஓசூர் கம்பெனிக்காரங்க ஜூன் மொத வாரம் வரைக்குந்தான் அந்த வேலைய எனக்கு வெச்சிருப்பாங்களாம். ஒரிஜினலும் ரிலீவிங் லெட்டரும் இல்லாம சேத்த மாட்டாங்களாமுங்க.”

“நான் என்ன வேண்டாம்னா சொன்னேன்? புது சாப்ட்வேர் ஏறட்டும். ஏறுன அன்னைக்கே நீ கெளம்பிக்கோ. இப்பிடி நாளுக்கொருக்கா ஒடஞ்சா பைல எப்பிடி அந்த சாப்ட்வேர்ப் பையன் மாத்துவான்? நீ மொதல்ல அதை நிறுத்து.”

போன வருடம் என் வீட்டுக்காரருக்கு ஓசூருக்கு மாற்றல் வந்தபோது, “நீங்க ரெண்டு பேரும் முன்னாடி போங்க, ஒரே மாசத்துல வந்தர்றேன்” என்று சொல்லித்தான் அனுப்பினேன். மகள் தீக்ஷிதா அங்கே ஒரு முழு வகுப்பு படித்து முடிக்கப் போகிறாள். நான் லேடீஸ் ஹாஸ்டலில் இன்னொரு பெண்ணின் குறட்டையைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறேன். “சர்ட்டிபிகேட் போனாப் போகுது, டூப்ளிகேட் வாங்கிக்கலாம், நீ வா” என்கிறார் அவர். ராவும் பகலுமாகப் படித்து வாங்கினதை அடுத்தவர் பீரோவில் விட்டுவிட்டு வருவதற்கு எனக்கென்ன பைத்தியமா?

ஏப்ரல் 12, வியாழன்

உடைந்தது. முதலாளி என்னை ஒரு பார்வை பார்த்தார். நான்தான் மேஜைக்குக் கீழே உட்கார்ந்து கடித்துத் தின்கிறேன் என்று நினைக்கிறார் போல.

ஏப்ரல் 17, செவ்வாய்

தீக்ஷிதா பெரியவளாகிவிட்டாள்.

காலையில் அவர் போன் செய்தார். பக்கத்து வீட்டம்மாதான் கூட இருக்கிறாராம். போனை வாங்கி அவள், “அம்மா, நீ வர்றயா?” என்று கேட்டாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

முதலாளியிடம் போய் நின்றேன். மனிதர் சந்தோஷப்பட்டார். வெற்றிலை பாக்கு வைத்துப் பணம் கொடுத்தார். “நல்ல சேதி அம்மிணி. ஞாயித்துக்கெளமை போய்ட்டு வா” என்றார். இன்று செவ்வாய்.

“இன்னைக்கே போகோணுங்க.”

“போ. ஆரு வேண்டாங்கறது? நீ இல்லாதப்போ ஒடஞ்சா நான் என்ன பண்றதுன்னு மட்டும் சொல்லிட்டுப் போ.”

சொல்லிக்கொண்டிருக்கும்போதே உடைந்தது. ஓலையில் குச்சு கட்டி உட்காரவைத்து முதல் தண்ணீர் ஊற்ற என் வீட்டுக்காரருடைய அக்கா சேலத்திலிருந்து போகிறாராம். நான் இங்கே நீலக்கோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அழுகை அழுகையாக வருகிறது. பேக்கரியிலிருந்து இவர்கள் திரும்பி வருவதற்குள் அழுது முடித்துவிட வேண்டும்.

ஏப்ரல் 23, திங்கள்

ஞாயிறு ஓசூர் போய் வந்தேன். அதைப் பற்றி எழுதப் போவதில்லை.

பஸ்ஸில் வரும்போது ஒரு யோசனை. எந்த மெஷின் பைலைத் திறந்து வைத்திருக்கிறது என்று சர்வரிலேயே ஒரு பட்டியல் பார்க்கலாம். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். காலையில் திறந்து பார்த்தால் பில்லிங், குடோன், அக்கவுண்ட்ஸ், அப்புறம் மாடி.

மாடியா! அந்த மெஷினை நான்தான் போட்டேன், முதலாளி சாயங்காலம் ஸ்டாக் பார்க்க. ஒரு வாரம் பார்த்தார், அதோடு சரி. “அதை ஆரும் தொடறதில்ல” என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்.

படியேறிப் போனேன். முதலாளியின் மருமகள் பூர்ணிமா அதன் முன்னால் உட்கார்ந்து புது விலைப்பட்டியலை ஏற்றிக்கொண்டிருந்தது. திருப்பூர்க் கடையைப் பார்க்கிற சின்ன முதலாளியைக் கல்யாணம் செய்து ஒரு வருடம் இருக்கும். பொள்ளாச்சிப் பெண், இன்ஜினியரிங் படித்தது. கல்யாணத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் அதன் முகத்தைக் கிட்டத்தில் பார்க்கிறேன். முதலாளியம்மா பக்கத்திலேயே சோபாவில் உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தார்.

“சும்மாதான் இருக்கறா. வேலை செய்யட்டும்னு அவிய மாமாதான் குடுத்தாரு” என்றார் அம்மா.

“வேலை முடிஞ்சா எஸ்கேப் அடிச்சு மூடோணும் கண்ணு. அப்பிடியே ஆஃப் பண்ணாத. கீழ எனக்கு உசிர் போகுது.”

“சரிங்க்கா. ஆஃப் பண்ணுனா என்னாகுங்க்கா?”

படித்த பெண், கேட்கிறதே என்று எல்லாவற்றையும் சொன்னேன். உடையும், எல்லாரும் வெளியே வர வேண்டும், ஓடி முடிக்கச் சித்த நேரமாகும், அதுவரை கடையில் ஆளிருக்காது என்று. ரொம்பக் கவனமாகக் கேட்டது. தெரியாத விஷயத்தைப் புதிதாகக் கேட்பது போல அந்த முகம் இல்லை.

ஏப்ரல் 25, புதன்

உடைந்தது. மேலே போனேன். “தெரியாம கால் பட்டு பிளக் வந்துருச்சுக்கா” என்றது பூர்ணிமா. பிளக்கை இறுக்கி டேப் ஒட்டிவிட்டு வந்தேன்.

வரும்போது படி வரைக்கும் கூடவே வந்தது. அம்மா உள்ளே போனில் பேசிக்கொண்டிருந்தார்.

“அக்கா, எல்லாரும் டீக்குப் போறப்ப நீங்க ஏன் போறதில்ல?”

“நான் போனா இதை ஆரு பாக்கறது?”

“ஒருநாள் கூடயா?”

“ஒருநாள் கூட இல்ல சாமி. என்ற தலையெழுத்து.”

அதன் முகம் விழுந்துவிட்டது. என் மேல் பரிதாபப்பட ஒரு ஜீவனாவது இருக்கிறதே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஏப்ரல் 27, வெள்ளி

எனக்கு எப்பேர்ப்பட்ட யோசனை! பூர்ணிமாவுக்கே இந்த வேலையைச் சொல்லிக் கொடுத்துவிட்டால்? இன்ஜினியரிங் படித்த பெண், ஒருமுறை சொன்னால் புரிந்துகொள்கிறது, முதலாளி வீட்டு ஆள், சம்பளமும் வேண்டாம். புது சாப்ட்வேர் வரட்டும் வராமல் போகட்டும், நான் கிளம்பிவிடலாம். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன்.

முதலாளியிடம் சொன்னேன். அவர் கால்குலேட்டரிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

“எங்கூட்டுப் பொம்பளைங்க கடைப்படி எறங்கறதில்ல அம்மிணி.”

“மேல இருந்தேகூட பாத்துக்கலாமுங்க. சர்வருக்கு மட்டும் எப்பவாவது எறங்கி வந்தா...”

“அதான் சொல்றேனே. எறங்க மாட்டா.”

அவ்வளவுதான். என் கோபத்தை மாரப்பண்ணனிடம் கொட்டினேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“உனக்குத் தெரியாதா அம்மிணி? அந்தப் புள்ள பொங்கலுக்கு ஊருக்குப் போயி, ‘இனி அங்க போக மாட்டேன், அவரு கைய நீட்டறாரு’ன்னு சொல்லியிருக்குது. பெத்தவங்களே கூட்டிட்டு வந்து விட்டுட்டுப் போய்ட்டாங்க. அன்னையில இருந்து போனும் இல்ல, பொள்ளாச்சியும் இல்ல. பின்னாடி கிரில் கேட்டுச் சாவி அம்மா இடுப்புல. நம்ம கடை வழி ஒண்ணுதான் பாக்கி. அங்கதான் நாம அத்தன பேரும் இருக்கறமே.”

“சின்ன முதலாளியா கைய நீட்டறாரு? திருப்பூர் கடையில அத்தன சாந்தமா இருப்பாரே!”

“கடையில ஆரு சாந்தமா இல்ல?” என்றார் மாரப்பண்ணன்.

எனக்கென்ன, அது அவர்கள் வீட்டு விவகாரம். எனக்கு இருக்கிற அக்கப்போரே போதும்.

ஏப்ரல் 30, திங்கள்

உடைந்தது. டேப் அப்படியே ஒட்டியிருக்கிறது. பிளக்குக்கு மேலே சுவிட்ச் இருக்கிறது அல்லவா, அதை நான் யோசிக்கவில்லை.

மே 3, வியாழன்

இன்றைக்கு நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையிலிருந்து பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு கொக்கு மாதிரி உட்கார்ந்திருந்தேன். பதினோரு மணி வாக்கில் மாடி சட்டென்று பட்டியலிலிருந்து மறைந்தது. அதே நொடியில் இன்டெக்ஸும் உடைந்தது. கத்தவில்லை. நேரே படியேறினேன், பிடி பிடியென்று பிடித்துவிடும் கோபத்தோடு.

மேல்படியில் பூர்ணிமா நின்றுகொண்டிருந்தது. பின்னால் திரை இருண்டிருந்தது. குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம். அம்மா இந்த நேரத்தில்தான் தினமும் குளிப்பார் போலிருக்கிறது. பெண்ணின் கையில் ஒரு துணிப்பை. காலில் செருப்பு.

“சுவிட்ச ஆஃப் பண்ணினயா கண்ணு?”

“கை பட்டுருச்சுக்கா.”

“வீட்டுக்குள்ள எதுக்குச் செருப்பு?”

குனிந்து தன் காலைப் பார்த்தது. கண்ணுக்குக் கீழே பவுடர் திட்டாக இருந்தது, பவுடருக்கு அடியில் நிறம் வேறாக இருந்தது. அதற்குள் அம்மா ஈரத்தலையோடு வெளியே வந்துவிட்டார். பை எங்கே போயிற்று என்று நானே பார்க்கவில்லை, அவ்வளவு வேகம்.

“என்ன நாயகி?”

“ஒண்ணுமில்லீங்கம்மா. ஒயர் லூசு.”

கீழே வந்து கத்தினேன். எல்லாரும் பேக்கரிக்குப் போனார்கள். முதலாளி குடோனுக்குப் போனார். நான் நீலக்கோட்டின் முன்னால் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் என் தலைக்கு மேலே செருப்புச் சத்தம். இந்த முறை படியில் இறங்கியது. சில படிகள். நின்றது.

நான் இருமினேன். தொண்டையில் ஒன்றும் இல்லை, இருந்தும் இருமினேன். சத்தம் திரும்பி மேலே போய்விட்டது.

மே 4, வெள்ளி

உடையவில்லை. உடையவில்லையே என்று எரிச்சலாக இருக்கிறது.

மே 7, திங்கள்

இன்றும் உடையவில்லை. பானு கற்பூரம் கொளுத்தி சர்வருக்குக் காட்டலாம் என்கிறாள். ஷகிலா பானு கற்பூரம் கொளுத்தும் அளவுக்கு இந்த மெஷின் எல்லாரையும் படுத்தி வைத்திருக்கிறது.

நான் ஒன்று யோசித்துப் பார்த்தேன். இத்தனை நாள் அந்தச் செருப்புச் சத்தம் படி வரைக்கும் வந்து வந்து திரும்பியது, கடை காலியாகும்போதெல்லாம். காலியாகாத ஒரே நாற்காலி என்னுடையது. முதலாளி எனக்கு இந்த வேலையைக் கொடுத்தபோது கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளத்தான் கொடுத்தார். எனக்குத் தெரிந்து அதற்குத்தான் கொடுத்தார்.

சாப்பாடு இறங்கவில்லை. ஹாஸ்டல் சாம்பார் சரியில்லை.

மே 9, புதன்

முதலாளி கூப்பிட்டார். நல்ல சேதி. உடைவது நின்றுவிட்டதால் புது சாப்ட்வேர்க்காரப் பையன் அடுத்த செவ்வாய் வருகிறானாம். மாற்றி முடித்த மறுநாளே சர்ட்டிபிகேட். பீரோச் சாவியை என் முன்னாலேயே ஆட்டிக் காட்டினார்.

“மாடியில இருக்கற மெஷின சனிக்கெளமை கழட்டிரு. அங்க இனி வேண்டாம். எங்க பையன் ஒரு வார்த்தை சொன்னான், அவளுக்கு எதுக்குங்கப்பா கம்ப்யூட்டர்னு.”

“சரிங்க சார்.”

“கோயில்ல ஒரு பூசை சொல்லியிருக்கறேன். உன்ற பேருக்கும் சேத்து.”

இதைக் கேட்க எத்தனை நாள் காத்திருந்தேன். அவருக்குப் போன் செய்து சொன்னேன். பின்னால் தீக்ஷிதா கத்துவது கேட்டது. ஜூன் ஒன்றாம் தேதி பள்ளிக்கூடம் திறக்கும்போது நான் கூட இருப்பேன் என்று சொன்னேன். “நெசமாத்தானே?” என்று கேட்டாள். “நெசமாத்தான் சாமி” என்றேன்.

மே 10, வியாழன்

விலைப்பட்டியலை நகலெடுக்க மேலே போனேன். பூர்ணிமா நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தது, கையை மடியில் வைத்துக்கொண்டு. கடையைக் காலியாக்கும் சுவிட்ச் அதன் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. ஆனால் இருமல் கேட்ட நாளிலிருந்து அது அதைத் தொடவில்லை. அம்மா வழக்கம் போலப் பக்கத்தில், இன்றைக்குக் கொத்தவரை.

வேலையை முடித்துவிட்டு எழுந்தவள், யாரும் கேட்காமலே சொன்னேன்.

“நாளைக்குக் கடைசியா ஒருக்கா இன்டெக்ஸ் ஓட்டிரலாம்னு இருக்கறேன் கண்ணு. பதினோரு மணிக்கு. எல்லாரையும் அனுப்பிருவேன். நாளைக்கு நானும் டீக்குப் போறேன்.”

அது நிமிர்ந்து பார்த்தது.

“இதை எதுக்கு இவகிட்டச் சொல்ற?” என்றார் அம்மா.

“மெஷின மூடி வெக்கோணுமில்லீங்களா, அதுக்குத்தான்” என்றேன்.

ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. வாய் சும்மா இருக்காது எனக்கு, எங்கம்மா அப்போதே சொல்லும்.

மே 11, வெள்ளி

இதை ஹாஸ்டலில் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்டெக்ஸ் ஓடும்போது எழுத முடியவில்லை. டீ குடிக்கப் போய்விட்டேன்.

பதினோரு மணிக்குக் கத்தினேன். “எதுக்குக்கா, இன்னைக்கு எல்லாம் சரியாத்தானே காட்டுது?” என்றாள் பானு. “கேள்வி கேக்காம வெளிய வா” என்றேன். முதலாளி குடோனுக்குப் போனார். இன்டெக்ஸை ஓடவிட்டுவிட்டு நானும் எழுந்தேன். மாரப்பண்ணன் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

பேக்கரி நன்றாகத்தான் இருக்கிறது. தேங்காய் பன் சொன்னேன். எல்லாரும், “அடடே, நாயகியக்கா வந்துட்டாங்க, இன்னைக்கு மழை பெய்யும்” என்று கேலி செய்தார்கள். டீ சூடாக இருந்தது. ஆறட்டும் என்று வைத்திருந்தேன். பேக்கரி வாசலில் நின்றால் நம் கடை ஷட்டர் தெரியும். நான் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டேன்.

எல்லாரும் எழுந்தார்கள். நான் இன்னொரு டீ சொன்னேன். மாரப்பண்ணன் மறுபடி உட்கார்ந்து, “எனக்கும் ஒண்ணு சொல்லு அம்மிணி. பானு, நீயும் உக்காரு, ஒரு பப்ஸ் சாப்புடு” என்றார். அந்த மனிதர் யாருக்கும் பப்ஸ் வாங்கிக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

திரும்பி வந்தபோது இன்டெக்ஸ் முடிந்திருந்தது. எல்லாம் சரி என்று திரையில் வந்திருந்தது. மேலே அம்மா, “பூர்ணிமா, ஏ பூர்ணிமா” என்று கூப்பிடும் சத்தம் கேட்டது.

மே 12, சனி

கடை திறக்கவில்லை. வெளியே சொன்னது ஸ்டாக் கணக்கெடுப்பு என்று. சின்ன முதலாளி காரை எடுத்துக்கொண்டு பொள்ளாச்சிக்கும் பாலக்காட்டுக்கும் அலைகிறார். போலீசுக்குப் போகவில்லை, வீட்டு மானம் போய்விடுமாம்.

முதலாளி என்னைத் தனியாக உட்காரவைத்தார். குரலை உயர்த்தவே இல்லை.

“நேத்து எங்க போயிருந்தே அம்மிணி?”

“டீ குடிக்கப் போனேனுங்க.”

“இத்தன வருசமாப் போகாதவ?”

“தலைவலிங்க சார்.”

பீரோச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே என்னைப் பார்த்தார். பிறகு அவரே தலையை ஆட்டிக்கொண்டார்.

“எங்க போயிருவா? நகை அத்தனையும் இங்கதான் இருக்குது. டிகிரி சர்ட்டிபிகேட் என்ற பீரோவுல இருக்குது, உன்றதுக்குப் பக்கத்துலயே. அது இல்லாம எந்தக் கம்பெனிக்காரன் வேலை குடுப்பான்? தானா வருவா.”

உன்றதுக்குப் பக்கத்துலயே என்று அவர் சொன்னதுதான் ராத்திரி வரைக்கும் காதில் இருந்தது.

மே 15, செவ்வாய்

சாப்ட்வேர்ப் பையன் வரவில்லை. வீட்டில் இப்படி இருக்கும்போது வேண்டாம் என்று முதலாளி தள்ளி வைத்துவிட்டார். அது நியாயம்தான்.

மே 22, செவ்வாய்

எழுத ஒன்றும் இல்லை. உடைவதே இல்லை. சீல் கேட்டால் சீல், மூடி கேட்டால் மூடி. உடுமலைக்காரர் இன்று வந்து, “என்னுங்க, மெஷினுக்குப் புத்தி வந்துருச்சாட்ட இருக்குது?” என்றார்.

பூர்ணிமா வரவில்லை. பொள்ளாச்சிக்கும் போகவில்லை. பெங்களூரில் கூடப் படித்த சிநேகிதி ஒருத்தி இருக்கிறாள் என்று பானு எங்கிருந்தோ கேட்டு வந்திருக்கிறாள். “கையில ஒண்ணுமே இல்லாம எப்பிடிக்கா இருப்பாங்க?” என்றாள். “செருப்பு இருக்குதே” என்றேன். அவளுக்குப் புரியவில்லை.

மே 28, திங்கள்

முதலாளி கூப்பிட்டார். நானும் புடவையைச் சரிசெய்துகொண்டு போனேன்.

“அம்மிணி, யோசிச்சுப் பாத்தேன். புது சாப்ட்வேர் எதுக்கு? இப்பத்தான் நல்லா ஓடுதே. நீ எப்பிடியோ சரி பண்ணிப்போட்டே. தண்டச்செலவு எதுக்கு?”

“அப்போ ஓசூருங்க சார்?” என்றேன்.

“ஓசூர்ல என்னத்தக் குடுத்தர்றாங்க? இங்கயே இரு. சம்பளத்த ஏத்தித் தர்றேன். உன்ற மகளையும் இங்க கூட்டிட்டு வந்துரு. நம்ம வீட்டு மாடியிலயே ஒரு ரூம் காலியா இருக்குது.”

“சர்ட்டிபிகேட்டுங்க சார்?”

“அது எங்க போகுது? பத்திரமா இருக்குது.”

உடைத்துக்கொண்டிருந்தவளை நான் போகவிட்டேன். உடையாததால் என்னை இவர் விடமாட்டேன் என்கிறார். கிணறு வெட்டினால் பூதம் கிளம்பும் என்பார்கள், எனக்குப் பூதம் போய்க் கிணறு மாட்டிக்கொண்டது. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் படிக்கு அடியில் வந்து உட்கார்ந்தேன். தலைக்கு மேலே எந்தச் சத்தமும் இல்லை.

மே 31, வியாழன்

நாளைக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறது.

இன்றைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. பதினோரு மணிக்கு எழுந்து கத்தினேன். “எல்லாரும் வெளிய வாங்க!” ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. ஷட்டர் பாதி இறங்கியது. முதலாளி குடோனுக்குப் போனார். பேக்கரிக்குப் போகும்போது மாரப்பண்ணன் திரும்பி நின்று, “போய்ட்டு வா அம்மிணி” என்றார். எங்கே என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இன்டெக்ஸ் உடைந்தால் என்ன செய்ய வேண்டும் என்று பானுவுக்கு ஒரு தாளில் எழுதித் திரையில் ஒட்டிவிட்டேன். அவள் செய்துவிடுவாள். இத்தனை நாள் அவளுக்கு வராது என்று சொல்லிக்கொண்டிருந்தேன், ஏனோ.

அவருக்குப் போன் செய்தேன். சர்ட்டிபிகேட் இல்லாமல்தான் வருகிறேன் என்றேன். “அந்த வேலை கெடைக்காதே, பரவால்லயா?” என்றார். பரவாயில்லையா என்று எனக்குத் தெரியவில்லை. படித்தது பொய்யில்லை, தாள்தான் இங்கே இருக்கிறது என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன், பாதிதான் நம்புகிறேன்.

நீலக்கோடு பாதிகூட வரவில்லை. பார்த்துக்கொள்ள யாரும் இல்லாமல் அது இதுவரை ஓடியது ஒரே ஒருநாள்தான், அன்றைக்கும் ஒன்றும் ஆகவில்லை.

செருப்பைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். ஓசூர் பஸ் காந்திபுரத்திலிருந்து கிளம்பும்.